கண்ணை மூடினால் ஊறிய உளுந்து வாடை: தியானம் எனக்கு ஒத்துவராதா?

கணக்குப்பிள்ளை (சிரியம்) கேட்கிறார்:

வணக்கம். எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். வீட்டில் சொன்னால் அம்மா அழுவார், வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். முகம் தெரியாத இடம்தான் எனக்குத் தோதுப்படுகிறது.

பர்மாவில், மாண்டலேயில் ஒரு பருப்பு மண்டியில் ஒன்பது வருடம் கணக்கு எழுதினேன். இங்கிருந்து உளுந்தும் துவரையும் கப்பலேறி இந்தியாவுக்குப் போகிறதே, அந்த வியாபாரம். 2025 மார்ச் 28, நோன்பு மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. முதலாளி தொழுகைக்குப் போயிருந்தார். நான் கீழ்க்கிடங்கில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். மதியம் 12.50க்கு நிலம் புரண்டபோது 47ஆவது மூட்டையில் கை வைத்திருந்தேன். நிலநடுக்கத்தின் அளவு 7.7 என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்தது, மேல்தளம் என் மேல் வருகிறது என்பது மட்டும்தான்.

அடுக்கியிருந்த மூட்டைகள் தளத்தைத் தாங்கிக்கொண்டன. அந்த இடுக்கில் மல்லாந்து கிடந்தேன். காலை அசைக்க முடியவில்லை. மேலே குழாய் உடைந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. உளுந்து ஊறினால் என்ன ஆகும் என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். உப்பும். மூட்டை மணிக்கு மணி இறுகி என் நெஞ்சை நெருக்கியது. என்னைக் காப்பாற்றிய மூட்டையே என்னைக் கொல்லப் பார்த்தது. சுண்ணாம்புத் தூசியும் ஊறிய உளுந்து வாடையுமாக ஆறு மணி நேரம். பிறகு எதிர் டீக்கடைப் பையன்கள் கையாலேயே செங்கல்லைப் புரட்டி என்னை வெளியே இழுத்தார்கள். முதலாளி தொழுகையிலிருந்து திரும்பவில்லை.

எலும்பு ஒன்றும் முறியவில்லை. "உனக்கு ஆயுசு கெட்டி" என்கிறார்கள். இப்போது யாங்கோன் பக்கத்தில் சிரியத்தில் மாமா வீட்டில் அம்மாவோடு இருக்கிறேன். தரைத்தள வீடு என்பதால்தான் இங்கே வந்தேன். மாடிப்படி ஏற என்னால் முடிவதில்லை. லாரி போனால் எழுந்து வாசலுக்கு ஓடிவிடுகிறேன். செருப்போடு படுக்கிறேன். தலைமாட்டில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்திருப்பேன், குடிக்க அல்ல, தண்ணீர் ஆடுகிறதா என்று பார்க்க. இரவில் நாலைந்து முறை டார்ச் அடித்துப் பார்க்கிறேன். எதை எண்ணினாலும் 46 வந்ததும் நாக்கு நின்றுவிடுகிறது. கணக்குப்பிள்ளைக்கு வரக்கூடாத வியாதி.

எல்லாவற்றையும்விடக் கொடுமை சமையலறைதான். மின்சாரம் வருகிற நேரத்தில்தானே மாவரைக்க முடியும்? சில நாள் இரவு இரண்டு மணிக்குக் கிரைண்டர் ஓடும். ஊறிய உளுந்து வாடை என் அறைக்கு வந்ததும் நான் சிரியத்தில் இல்லை, மாண்டலேயில் இருக்கிறேன். நினைவு வருகிறது என்று சொல்லவில்லை. அங்கேயே இருக்கிறேன். இட்லி பிடிக்காமல் போய்விட்டது என்று அம்மாவிடம் பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பர்மிய அம்மாள் "போய் தியானத்தில் உட்கார், எல்லாம் சரியாகும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போன நவம்பரில் பத்து நாள் விபாசனா தியான வகுப்பு ஒன்றுக்குப் போனேன். விடிகாலை நான்கு மணிக்கு மணியடித்து எழுப்பினார்கள். பேச்சு கிடையாது. முதல் மூன்று நாள் மூக்கு நுனியில் மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். மூக்கைக் கவனித்தால் எனக்கு என்ன வரும்? சுண்ணாம்பும் உளுந்தும்தான் வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நான்காம் நாள் ஒரு மணி நேரம் கை, கால் அசைக்காமல், கண் திறக்காமல் திட சங்கல்பத்தோடு உட்காரச் சொன்னார்கள். எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. மரத்தடியில் சட்டையெல்லாம் நனைந்து நின்றுகொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த மையத்தைக் குறை சொல்ல வரவில்லை. மனநோய் ஏதாவது உண்டா என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். நான் பைத்தியமில்லையே என்று "இல்லை" போட்டேன். திரும்பி வந்ததும் பக்கத்து அம்மாள் "உனக்குப் பாரமி (சேர்த்துவைத்த புண்ணிய பலம்) போதவில்லை" என்றார். பழைய சங்காரா, அதாவது மனதில் படிந்த பழைய வினை, மேலே வருகிறது, ஓடாமல் உட்கார்ந்திருந்தால் கரைந்திருக்கும் என்று இன்னொருவர் சொன்னார். இப்போது மருந்துக்கடையில் டயசிபாம் வாங்கிப் போட்டுத் தூங்குகிறேன். கேட்டாலே தருகிறார்கள்.

எனக்கு தியானம் ஒத்துவராதா? உண்மையிலேயே ஓடியிருக்கக் கூடாதா?

பழைய மாணவன் (யாங்கோன்):

தம்பி, நான் ஏழு முறை பத்து நாள் உட்கார்ந்தவன். அதனால் என் பேச்சில் கொஞ்சம் சார்பு இருக்கும், தள்ளுபடி செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் "இல்லை" என்று எழுதியது தவறு. அந்தக் கேள்வியை அவர்கள் சும்மா கேட்பதில்லை. நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் உள்ளே பார்ப்பது காய்ச்சல்காரன் குளத்தில் குதிப்பது மாதிரி. நல்ல தண்ணீர்தான், ஆனால் காய்ச்சலுக்கு அல்ல.

நீங்கள் கணக்கர் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இந்த வகுப்பின் வேர் ஒரு கணக்கரிடம் இருக்கிறது. ஊ பா கின் சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்காளர். 1952இல் யாங்கோனில் தியான மையம் தொடங்கினார். அவரிடம் 1955இல் மாண்டலேயில் பிறந்த மார்வாரி வியாபாரி ஒருவர் ஒற்றைத் தலைவலி தாங்காமல் வந்தார். மார்பின் ஊசி போட்டுக்கொள்கிற அளவுக்குத் தலைவலி. அவர்தான் கோயங்கா. தலைவலிக்கு மருந்தாக இதைக் கேட்டால் சேர்க்க மாட்டேன் என்று ஊ பா கின் முதலில் திருப்பி அனுப்பிவிட்டார். கோயங்காவே பலமுறை சொன்ன கதை இது. பிறகு சேர்ந்தார், 1969இல் இந்தியாவுக்குப் போனார், நீங்கள் போன மாதிரிப் பத்து நாள் வகுப்புகளைப் பரப்பினார். ஆஸ்பத்திரி வேலைக்கு இது வரவில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். நம் ஆட்கள்தான் யாருக்கு என்ன வந்தாலும் "போய் உட்கார்" என்று அனுப்பிவைக்கிறார்கள்.

பாரமி பற்றிய பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆறு மணி நேரம் அசைய முடியாமல் கிடந்தவரிடம் போய் அசையாதே என்றால் யார்தான் உட்காருவார்கள்?

ஓய்வுபெற்ற தாதி (பெகு):

முதலில் மாத்திரை. டயசிபாமை நீங்களாகத் தொடரவும் கூடாது, நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. எத்தனை நாளாகப் போடுகிறீர்கள்? சில வாரங்களுக்கு மேல் போட்டுவிட்டுத் திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்லி மெல்லக் குறைக்க வேண்டும். தூக்கம் கொடுக்கிறதே தவிர, உங்கள் நோயை அது தொடுவதே இல்லை. இந்த நோய்க்கு அதைப் பரிந்துரைப்பதுமில்லை.

ஆம், நோய்தான். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் என்று அதற்குப் பெயர். 1980இல்தான் அமெரிக்க மனநலக் கையேட்டில் ஏறியது. சம்பவம் நடந்து ஒரு மாதம் தாண்டியும் அது திரும்பத் திரும்ப உயிரோடு வருவது, அதை நினைவூட்டுகிற எதையும் தவிர்ப்பது, எப்போதும் வேலியோரத்து நாய்போல் காதை விடைத்துக்கொண்டு இருப்பது. வாடை, மாடிப்படி, தண்ணீர் கிளாஸ் என்று நீங்களே அழகாக எழுதிவிட்டீர்கள். முப்பது வருடம் வார்டில் இருந்தேன், இவ்வளவு தெளிவாகச் சொன்ன நோயாளிகள் குறைவு. உங்களைப் பயிற்சி பெற்ற ஒருவர் நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும், நான் அல்ல.

இதற்கு நன்றாக நிரூபணமான சிகிச்சைகள் இருக்கின்றன. அந்தச் சம்பவத்தையே ஒரு நிபுணர் துணையோடு, பாதுகாப்பான அளவில், கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிக் கடப்பது முதன்மையானது. கண்ணசைவைப் பயன்படுத்தும் முறை ஒன்றும் உண்டு. மருந்தில் செர்ட்ராலின், பராக்ஸெடின். இவற்றுக்குப் பிறகுதான் தியானம்.

தியானம் உதவாது என்று நான் சொல்லவில்லை. இங்கிருந்து வெளியே போன முறைகளையும் ஜென்னையும் யோகாசனத்தையும் சேர்த்து, மதப்பேச்சை எடுத்துவிட்டு, 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஜின் எட்டு வாரப் பயிற்சி ஒன்று தொடங்கினார். அதை 116 முன்னாள் படைவீரர்களிடம் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு இந்தப் பயிற்சி, மற்றவர்களுக்குக் குழுவாகப் பேசும் வேறொரு சிகிச்சை. தியானப் பயிற்சிக்காரர்களுக்குத் தொந்தரவு கொஞ்சம் கூடுதலாகக் குறைந்தது. ஆனால் நோயே நீங்கியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் இரு பக்கமும் பெரிய வேறுபாடில்லை. ஆக, துணை மருந்து. வாரத்துக்கு இரண்டரை மணி நேர வகுப்பு, ஒரே ஒரு முழுநாள் அமர்வு, மீதி வீட்டில் பயிற்சி என்றுதான் அதையும் நடத்தினார்கள். பேசவிடாமல் பத்து நாள் பூட்டிவைக்கவில்லை.

"உட்கார்ந்திருந்தால் கரைந்திருக்கும்" என்றவரை என்னிடம் அனுப்புங்கள். உடம்பு அபாய மணி அடிக்கும்போது அதை உற்றுக் கேட்டுக்கொண்டே இருப்பதால் மணி நிற்காது. பலருக்கு இன்னும் உரக்க அடிக்கும். நீங்கள் எழுந்து வந்தது சரி. உங்களுக்கு மூச்சு வேண்டாம், மூக்கு வேண்டவே வேண்டாம். கண்ணைத் திறந்து, வாசல் தெரிகிற இடத்தில், பாதம் தரையில் படுவதை இரண்டு நிமிடம் கவனியுங்கள். அது போதும். வாடை பிடித்து இழுக்கும்போது கண்ணில் படுவதைப் பெயர் சொல்லுங்கள்: கதவு, காலண்டர், அம்மாவின் செருப்பு. எண்ணச் சொல்லவில்லை, 46 எனக்கு நினைவிருக்கிறது.

தனிச்செய்தியில் யாங்கோன் டாக்டர் ஒருவரின் விவரம் அனுப்புகிறேன். இணையம் இருக்கும் நாளில் வீடியோவிலும் பார்ப்பார். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் நாள் குறித்துக் காத்திருக்க வேண்டாம், உடனே வீட்டில் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பியாப்போன் அக்கா:

தம்பி, எனக்கும் வெள்ளிக்கிழமைதான். 2008 மே 2. நர்கிஸ் புயல். கடல் எங்கள் வயலுக்குள் வந்த இரவு. தென்னை மரத்தில் என் தமெய்னை (பர்மியப் பெண்கள் இடுப்பில் கட்டும் கைலி) அவிழ்த்துக் கட்டிக்கொண்டு தொங்கினேன். விடிந்தபோது வீட்டில் ஏழு பேரில் மூன்று பேர் இருந்தோம். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

மிச்சமிருந்தவர்கள் எல்லாரும் மேட்டில் இருந்த மடாலயத்தில் கிடந்தோம். அங்கே ஒரு சயாடோ, மூத்த பிக்கு. நடப்பதையும் நினைப்பதையும் பெயர் சொல்லிக் கவனிக்கிற மகாசி முறையில் பயின்றவர். மற்றவர்களை உட்காரவைத்தார். நான் கண்ணை மூடினால் தகரம் கிழிகிற சத்தம் வரும், எழுந்து கத்துவேன். அவர் திட்டவில்லை. "நீ உட்கார வேண்டாம், நட" என்றார். மண்ணில் நடக்கச் சொன்னால் அதுவும் முடியாது, சேறு காலில் பட்டால் எனக்கு உயிர் போகும். மடாலயத்துப் பலகைத் தரையில், தூணிலிருந்து தூண்வரை நடக்கவிட்டார். கண் திறந்தே இருக்கும், நான்கு முழத்துக்கு முன்னால் தரையைப் பார்க்க வேண்டும். முதலில் இடது, வலது என்று மட்டும். சில வாரம் போனபிறகு ஓர் அடியை மூன்றாக்கினார். பர்மியத்தில் அவர் சொன்னதை நான் தமிழில் "தூக்கு, நீட்டு, வை" என்று மாற்றிக்கொண்டேன். என் பாட்டி நாற்று நடும்போது பாடுகிற மாதிரி அது வாயில் உட்கார்ந்துவிட்டது.

பயம் வந்தால் நின்றுவிட வேண்டும். "பயம், பயம்" என்று பெயர் சொல்ல வேண்டும். விரட்டக்கூடாது, கூடவே போகவும் கூடாது. மறுபடி பாதம். மிகுந்துபோனால் தூணைப் பிடித்துக்கொள்ளலாம், அவரே அனுமதித்தார். பலகையில் ஓர் ஆணி கொஞ்சம் எழும்பியிருக்கும். கட்டைவிரலில் அது படும்போதெல்லாம் "இங்கே இருக்கிறேன்" என்று தெரியும். அந்த ஆணியை அடித்து இறக்க வந்த பையனை நான் விடவில்லை.

பிறகு வேலைக்குப் போனேன், இறால் உரிக்கிற வேலை. தலை, ஓடு, வால். கையில் அதன் குளிர்ச்சி. அதையும் நடையைப் போலவே செய்தேன். மற்ற பெண்கள் கூலி குறையுமே என்று சிரித்தார்கள். குறைந்தது, உண்மைதான்.

மூன்று மழைக்காலம் ஆயிற்று எனக்குத் தூங்க. தாதியம்மா சொல்கிற டாக்டர் எல்லாம் அப்போது எங்களுக்கு எங்கே? இருந்திருந்தால் போயிருப்பேன், நீ போ. மே மாதக் காற்றுக்கு இன்றைக்கும் என் கை நடுங்கும். அது போகவில்லை.

அம்மாவிடம் உளுந்து விஷயத்தைச் சொல்லிவிடு. இட்லியை வெறுக்கிறாய் என்று அவர் என்னென்ன நினைத்துக்கொண்டிருக்கிறாரோ. காய்ந்த உளுந்துக்கு வாடை கிடையாதே, ஒருநாள் அதைக் கையில் அள்ளிப் பார். அதுவும் டாக்டரைக் கேட்டுவிட்டு.

முனீஸ்வரன் அடிமை (சிரியம்):

நம் சாமியை விட்டுவிட்டு ஏன் பர்மியன் மடத்துக்கு ஓடுகிறீர்கள்? நம் கோயில் இருக்கிற சிரியத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா? "சரவணபவ" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கோயிலைச் சுற்றுங்கள். நாக்கு வேலை செய்யும்போது மனம் எங்கும் போகாது. என் அப்பா 1964இல் கடையை அரசு எடுத்துக்கொண்ட பிறகு அப்படித்தான் நின்றார்.

பியாப்போன் அக்கா:

நான் அம்மனையும் கும்பிடுகிறேன், அண்ணே. நான் தூணுக்குத் தூண் நடந்ததற்கு அம்மன் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் வாய்விட்டுச் சொல்வது நல்ல யோசனை. தம்பிக்கு மூச்சு ஆகாது, சத்தம் ஆகும்.

கணக்குப்பிள்ளை (சிரியம்):

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். தாதியம்மா கொடுத்த டாக்டரை இரண்டு முறை வீடியோவில் பார்த்தேன், இரண்டாவது முறை பாதியில் மின்சாரம் போய்விட்டது. டயசிபாமைக் கால்வாசி கால்வாசியாகக் குறைக்கச் சொன்னார். செர்ட்ராலின் ஆரம்பித்திருக்கிறேன். முதல் பத்து நாள் வயிறு சரியில்லை, இப்போது பரவாயில்லை. நடந்ததை ஆரம்பத்திலிருந்து பேசும் சிகிச்சையை இன்னும் தொடங்கவில்லை. அவசரமில்லை என்றார். எனக்கும் அவசரமில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அழவில்லை. "இதைச் சொல்ல ஒரு வருடமா?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோய் ஊறப்போட்டிருந்த உளுந்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். இப்போது இடியாப்பமும், மீன்குழம்பு ஊற்றிய பர்மிய நூடுல்ஸான மொகிங்காவும்தான். இட்லி இல்லாத தமிழ் வீடா என்று மாமா முணுமுணுக்கிறார்.

முற்றத்தில் முருங்கை மரத்திலிருந்து கிணறுவரை நடக்கிறேன். எத்தனை அடி என்று எண்ணவில்லை, எண்ணாமலிருப்பதுதான் எனக்குப் பெரிய தவம். "தூக்கு, நீட்டு, வை" முதல் வாரம் நாடகம் மாதிரி இருந்தது. போன செவ்வாய் நடந்துகொண்டிருக்கும்போது லாரி போனது. வேலிக் கதவுவரை ஓடினேன். கதவைத் திறக்கவில்லை. துருப்பிடித்த தாழ்ப்பாள் கையில் கரகரத்தது, அதையே பிடித்துக்கொண்டு நின்றேன். நெஞ்சு அடித்துக்கொண்டது, பிறகு குறைந்தது. அது தானாகவே குறையும் என்பது எனக்கு இதுவரை தெரியாது, ஏனென்றால் குறையும்வரை நான் எங்கும் நின்றதில்லை.

காய்ந்த உளுந்தை ஒரு டப்பாவில் போட்டு என் மேசைமேல் வைத்திருக்கிறேன். மூடி போட்டுத்தான். டாக்டர் இப்போதைக்கு இது போதும் என்றார்.

தண்ணீர் கிளாஸ் இன்னும் தலைமாட்டில் இருக்கிறது. நேற்று இரவு தாகமெடுத்தது, எடுத்துக் குடித்துவிட்டேன். பிறகு எழுந்துபோய் நிரப்பி வைத்தேன்.

அக்கா, மழை பிடித்துக்கொண்டது, முற்றம் முழுவதும் சேறு. மழைக்காலத்தில் நீங்கள் எங்கே நடப்பீர்கள்?

பியாப்போன் அக்கா:

வீட்டுக்குள்ளேயே நட. ஆறடி நீளம் இருந்தால் போதும். திரும்பும் இடத்தில் மட்டும் நிதானமாகத் திரும்பு, எனக்கு அங்கேதான் மனம் நழுவும். சேற்றில் போகாதே, கிணற்றடி வழுக்கும்.